வராதவர்களை எப்படி எண்ணுவது

மதிப்பீட்டுப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

போன வாரம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது உங்களில் ஒரு பெண் என்னிடம் கேட்டார்: "எல்லாருக்கும் இலவச மருத்துவம்னா மொத்தம் எவ்வளவு ஆகும்னு எப்படி சார் கண்டுபிடிக்கிறது? எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு நம்பர் வருது. எதை நம்புறது?" அதற்குள் டீ வந்துவிட்டது, பேச்சு மாறிவிட்டது. பதில் சொல்லாமல் வந்தது உறுத்திக்கொண்டே இருந்தது.

முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வேலையைப் பார்த்தவன் நான். அந்தக் கேள்விக்குச் சரியான விடை எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் தவறான விடையை இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். ஒரு முறை குறைத்து, ஒரு முறை கூட்டி. இரண்டையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். சூத்திரங்கள் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், அந்தப் பக்கம் நான் வரவில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சின்னப் பட்டறை முதலாளிகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். லேத் பட்டறை, வார்ப்படப் பட்டறை, முலாம் பூசுகிற பட்டறை என்று ஐந்து பேர், எட்டுப் பேர் வேலை செய்கிற இடங்கள். பெரிய கம்பெனிக்காரர்களுக்கு அரசாங்கக் காப்பீடு இருந்தது. ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தவர்களுக்கு அவர்களுக்கென்றே ஆஸ்பத்திரி இருந்தது. நடுவில் மாட்டிக்கொண்ட இந்தப் பட்டறை ஆட்களுக்குச் சங்கம் ஒரு மருந்தகம் வைத்திருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பழைய ஷெட். சாயங்காலம் மட்டும் ஒரு டாக்டர் வருவார். வேலைக்காரர்கள் மட்டும் வரலாம், சின்னக் கட்டணம் உண்டு.

சங்கத் தலைவர் தானே லேத் ஓட்டி முன்னுக்கு வந்தவர். வலது கையில் இரண்டு விரல்களுக்கு நுனி கிடையாது. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நம்ம ஆளுங்களுக்கு மட்டும் இல்லய்யா. அவங்க வீட்ல இருக்கிற அத்தனை பேருக்கும், எல்லா வியாதிக்கும், ஒத்தப் பைசா வாங்காம பாக்கணும். ஆபரேஷன் வரைக்கும். வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்? போட்டுக் குடு."

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. புள்ளியியல் படித்தவன் என்பதால் சங்கத்தில் வேலைக்கு எடுத்திருந்தார்கள். படித்ததற்கு ஏற்ற வேலை வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். மருந்தகத்தின் மூன்று வருஷப் பதிவேடுகளை எடுத்துக்கொண்டேன். ஓர் ஆள் வருஷத்துக்கு எத்தனை முறை வருகிறான், ஒரு முறைக்கு எவ்வளவு மருந்து, எத்தனை பேரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள் என்று எல்லாவற்றையும் எடுத்தேன். குடும்பத்துக்கு ஐந்து பேர் என்று பெருக்கினேன். குழந்தைகளுக்குக் கொஞ்சம் கூட்டி, பாதுகாப்புக்காக அதற்கு மேலும் கொஞ்சம் கூட்டி, சுத்தமாகத் தட்டச்சு செய்து கொடுத்தேன். அந்த நான்கு பக்கங்களைப் போல அழகான அறிக்கையை நான் அதற்குப் பிறகு எழுதியதே இல்லை.

என் கணக்கை நம்பி முதலாளிகள் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட்டார்கள். பூந்தமல்லி சாலையில் ஒரு நர்சிங் ஹோமோடு அறுவைச் சிகிச்சைக்கு ஏற்பாடு ஆனது. முழுநேர லேடி டாக்டர் ஒருவரும் ஒரு நர்ஸும் வந்தார்கள். அந்த நர்ஸை நாங்கள் எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிட்டோம். என்னைவிட இரண்டு வயது சின்னவர், ஆவடியில் வளர்ந்தவர். பெயரை எழுதவேண்டாம் என்று இப்போதும் சொல்கிறார், அதனால் எழுதவில்லை. எனக்கு இந்தத் தொழில் கொஞ்சமாவது தெரியும் என்றால் அது அவரால்தான்.

ஷெட்டின் கதவைத் திறந்த முதல் திங்கட்கிழமை, வரிசை ரோட்டு வளைவு வரைக்கும் நின்றது. முதல் வாரத்து ஆர்வம், அடங்கிவிடும் என்றேன். இரண்டாவது மாதம் அதைவிட நீளம். மூன்றாவது மாதம் முடிவதற்குள் ஆறு மாத மருந்து தீர்ந்துவிட்டது. நர்சிங் ஹோமிலிருந்து வந்த பில்லைத் தலைவர் மடித்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

எங்கே தப்பு என்று தேடுவதற்காக நோயாளிகளின் அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். அட்டையில் 'எத்தனை நாளாக' என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு பெண்ணின் அட்டையில் அந்தக் கட்டத்தில் பதினொன்று என்று இருந்தது, பக்கத்தில் ஒரு 'வ'. அந்தப் பெண்ணைச் சரோஜா என்று வைத்துக்கொள்வோம். அவசரத்தில் எழுதிய பிழை என்று நினைத்து அட்டையைச் சிஸ்டரிடம் கொண்டுபோனேன்.

"இது பதினொரு நாள்தானே சிஸ்டர்? திருத்திடவா?"

அவர் ஊசிகளைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தார்.

"வருஷம் சார்."

"பதினொரு வருஷமா?"

"மூத்த பொண்ணு பொறந்ததுலேர்ந்து கர்ப்பப்பை எறங்கியிருக்கு. துணியை வெச்சுக் கட்டிக்கினு சித்தாள் வேலைக்குப் போறாங்க. முகப்பேர்ல கட்டுறாங்களே புது வீடுங்க, அங்க. கலவைச் சட்டியத் தலைல வெச்சுக்கினு மூணு மாடி."

"இத்தனை நாள் ஏன் காட்டல?" என்று கேட்டேன்.

"எங்க காட்டுறது? நம்ம பழைய மருந்தகத்துல பொம்பளைங்களுக்கு எடம் ஏது?"

மேஜைக்குத் திரும்பிப் பழைய பதிவேட்டை எடுத்தேன். நான் புரட்டிய மூன்று வருஷப் பதிவேட்டில் இருந்தவர்கள் எல்லோரும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட ஆண்கள். விரல் வெட்டிக்கொண்டவர்கள், கண்ணில் இரும்புத் துகள் விழுந்தவர்கள், சளிக்காய்ச்சல்காரர்கள். அவர்களை ஐந்தால் பெருக்கினால் ஐந்து மடங்கு விரல்கள்தான் வரும். சரோஜா வரமாட்டார். வந்தவர்களை எண்ணி வைத்துக்கொண்டு, நோயாளிகளை எண்ணிவிட்டதாக நினைத்திருந்தேன்.

சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். முதலாளிகள் கெட்டவர்கள் இல்லை. ஆர்டர் குறைந்துபோன வருஷம் அது. இரண்டு மூன்று பேர் விலகிக்கொள்கிறோம் என்றார்கள். அவர்கள் போனால் மற்றவர்களும் போவார்கள், எல்லாம் மூடவேண்டியதுதான். யாரோ ஒரு யோசனை சொன்னார்கள். வருகிறவர்களிடம் ஒரு ரூபாய் டோக்கன் வாங்கினால் என்ன? ஒரு ரூபாய் யாருக்கும் பாரமில்லை, சும்மா வருகிற கூட்டம் மட்டும் குறையும்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "டோக்கன் போட்டா எவ்வளவு குறையும்? ஒரே நம்பர் சொல்லு."

எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு முறை தவறியவனுக்கு, இன்னொரு முறை தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "கால்வாசி குறையும் சார்" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தக் கால்வாசி என்று என்னைக் கேட்காதீர்கள்.

மூன்று வாரம் பரீட்சார்த்தமாக வைத்தார்கள். கூட்டம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. மருந்துச் செலவும் குறைந்தது. எனக்கு உயிர் வந்தது. ஒரு படம் வரைந்து, கோடு கீழே இறங்குகிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிஸ்டர் வந்து என் மேஜையில் ஒரு கட்டு அட்டைகளை வைத்தார்.

"இது என்ன சிஸ்டர்?"

"வரவேண்டியவங்க. வரல."

"சும்மா வந்தவங்க நின்னிருப்பாங்க."

"சும்மா வந்தவங்க ஒரு ரூபா குடுத்துட்டு வந்துக்கினுதான் இருக்காங்க சார். ஞாயித்துக்கிழமை உங்களுக்கு வேலை ஒண்ணும் இல்லன்னா என்கூட வாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். அம்பத்தூர் ஏரிக்கரையை ஒட்டி வரிசையாகக் குடிசைகள். அட்டைக் கட்டின் மேலே இருந்தது சரோஜாவின் அட்டை. அவருக்கு அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தது. உடம்பில் ரத்தம் மிகக் குறைவு என்பதால் அதற்கு முன் ஆறு வாரம் வாராவாரம் வந்து மருந்து வாங்கவேண்டும், ஊசி போட்டுக்கொள்ளவேண்டும். இரண்டு வாரமாக வரவில்லை. இப்படியே நின்றுவிட்டால் அறுவைச் சிகிச்சை தள்ளிப்போகும். ஒரு முறை தள்ளிப்போனால் அந்த அம்மா திரும்பி வரவே மாட்டார் என்றார் சிஸ்டர்.

சரோஜா குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தார். மெலிந்த உடம்பு, சிரித்த முகம். எங்களைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. சிஸ்டரின் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். நான் நான்கடி தள்ளி நின்றேன்.

"ஏம்மா வரல?"

"டோக்கனுக்கு ரூபா கேக்குறாங்கோ சிஸ்டரு."

நான் இடையில் புகுந்தேன். "ஒரு ரூபாதானேம்மா?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஊட்டுல ரூபா கீது சார். எங்கைல இல்ல. கூலிய வாங்கியாந்து அப்படியே எம்மாமியா கைல குட்த்துடுவேன். ரூபா வோணும்னா கேக்கணும். கேட்டா எதுக்குன்னு கேப்பாங்கோ. இன்னான்னு சொல்றது? அதுக்கே இத்தினி வருசம் வாயத் தொறக்கல. சும்மா பாத்தப்போ, தண்ணி புடிக்கப் போறேன்னு சொல்லிட்டு ஓடியாந்துடுவேன்."

"வீட்டுக்காரருக்கும் தெரியாதா?"

"அதுங்கிட்ட எப்பிடி சார் சொல்றது?" என்று குடத்தின் விளிம்பைத் துடைத்தார்.

என்னுடைய கணக்கில் ஒரு ரூபாய் என்பது ஒரு ரூபாய்தான். சரோஜாவுக்கு அது, பதினொரு வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை மாமியாரிடம் சொல்லவேண்டிய விலை. அன்று இன்னும் ஏழு வீடுகளுக்குப் போனோம். எல்லார் கதையும் இதே இல்லை. சர்க்கரை நோயுள்ள ஒரு பெரியவருக்கு மருமகளிடம் கேட்கக் கூச்சம். ஒரு பெண் மூன்று குழந்தைகளுக்கு மூன்று டோக்கன் என்பதால் ரொம்பக் காய்ச்சலாக இருந்த ஒருவனை மட்டும் கூட்டிவந்திருந்தாள். மற்ற இரண்டு குழந்தைகளும் பாயில் படுத்திருந்தார்கள்.

மறுவாரம் சங்கக் கூட்டம். டோக்கனை நிரந்தரமாக்கினால் வருஷத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று நான் அறிக்கை கொடுக்கவேண்டும். தலைவர் கையை நீட்டினார். நான் தாளைக் கொடுக்கவில்லை.

"கூட்டம் குறைஞ்சிருக்கு சார். நோய் குறைஞ்சிருக்கான்னு எனக்குத் தெரியாது. மிச்சம்னு ஒரு நம்பர் போட என்னால முடியல."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா உன்னை வெச்சிருக்கோம்?" என்றார் ஒருவர்.

சரோஜாவின் பெயரையும் இடத்தையும் விட்டுவிட்டு, பார்த்ததைச் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். எல்லோரும் ஆண்கள். கர்ப்பப்பை என்ற சொல்லை அந்த அறையில் அதற்கு முன் யாரும் உச்சரித்திருக்கமாட்டார்கள். சிலர் மேஜையைப் பார்த்தார்கள்.

தலைவர் கேட்டார்: "அந்தம்மா புருஷன் யார் பட்டறைல வேலை பாக்குறான்?"

"அதைச் சொல்லமாட்டேன் சார்."

கொஞ்ச நேரம் நுனியில்லாத விரல்களால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். "சரி, சொல்லாத. என் பட்டறையா இருந்தா எனக்குத் தூக்கம் வராது" என்றார்.

டோக்கன் போனது. பதிலுக்கு டாக்டரும் சிஸ்டரும் உட்கார்ந்து, தேவையில்லாத டானிக்குகளையும் கேட்டவர்களுக்கெல்லாம் போட்ட ஊசிகளையும் நிறுத்தினார்கள். முதலாளிகள் முனகிக்கொண்டே இன்னொரு தவணை போட்டார்கள். விலகுகிறேன் என்றவர்களில் ஒருவர் மட்டும் விலகினார்.

சரோஜாவின் கணவரிடம் சிஸ்டர் போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்து அந்த மனிதர் எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். "ஆபரேசன் அப்போ கூட ஒரு ஆளு இருக்கணுமாமே சார். நா இருக்கலாமா? பொம்பளைங்க வார்டுன்றாங்கோ" என்றார்.

வார்டுக்குள் விடமாட்டார்கள், வெளியில் இருக்கலாம் என்றேன். நர்சிங் ஹோம் வாசலில் ஒரு வேப்பமரம் இருந்தது. எட்டு நாளும் வேலைக்குப் போகாமல் அந்த மரத்தடியிலேயே இருந்தார். சாப்பாட்டுத் தூக்கை ஆயாவிடம் கொடுத்தனுப்பி, அது காலியாகத் திரும்பி வருகிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பாராம். ஆயா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சரோஜா தேறி வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. குழாயடியில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் அதே ஏரிக்கரையிலிருந்து ஆறு பெண்கள் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் இன்னும் பலர். நான் திருத்தி வைத்திருந்த கணக்கு மறுபடியும் கெட்டது. சரோஜா வாசலில் என்னைப் பார்த்து, "இன்னா சார், கூட்டம் சேத்து வுட்டேனா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல வைத்தியம் ஒன்று நடந்தால் அது பத்துப் பேரைக் கூட்டிவரும் என்று எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கும். ஆனால் இரண்டாவது தவறையும் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

வருஷக் கடைசியில் சங்கத்தைச் சேர்ந்த சிலர் நசரத்பேட்டைப் பக்கம் புதிதாகப் பட்டறைகள் திறந்தார்கள். அங்கே வேலைக்கு வந்தவர்கள் நேற்றுவரை வயல் கூலிக்குப் போனவர்கள். அறுபது குடும்பங்கள் இருக்கும். திட்டத்தில் அவர்களையும் சேர்க்கலாமா என்று பார்க்க என்னை அனுப்பினார்கள்.

வீடு வீடாகப் போய் ஆட்களை எழுதினேன். முனுசாமி என்பவர் சுமை ஏற்றும் வேலைக்காரர். அவர் வேலைக்குப் போயிருந்தார். மனைவி தேவகிதான் பதில் சொன்னார். புருஷன், பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள். ஐந்து என்று எழுதினேன்.

"இன்னாத்துக்கு சார் எய்திக்கினு போறீங்கோ?"

"சும்மா வைத்தியம் பாக்கறதுக்கும்மா. உங்க வீட்ல எல்லாருக்கும்."

"கொயந்தைங்களுக்குமா?"

"குழந்தைகளுக்கும்."

கொஞ்சம் யோசித்தார். "எனக்குமா?"

"உங்களுக்கும்தான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எனக்கு இன்னா சார் வைத்தியம்? நா நல்லாத்தான் கீறேன்" என்றார்.

அலுவலகத்துக்கு வந்து கணக்குப் போட உட்கார்ந்தேன். இந்த முறை குறைத்துப் போட்டு மாட்டிக்கொள்ளமாட்டேன் என்று உறுதி. முதல் வருஷம் கூட்டம் ஏறிய வேகத்தை அப்படியே எடுத்து, அடுத்த வருஷமும் அதே வேகத்தில் ஏறும் என்று வைத்துக் கோட்டுப் படம் வரைந்தேன். சிஸ்டர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார்.

"இவ்ளோ வராது சார். இந்த வருஷம் வந்தது இந்த வருஷத்து நோய் இல்ல. பத்து வருஷமா வீட்லயே வெச்சிருந்த நோயெல்லாம் ஒண்ணா வந்துச்சு. சரோஜாக்கு இன்னொரு வாட்டியா ஆபரேஷன் பண்ணப்போறோம்?"

கேட்டேன். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அவர் சொன்னதில் நம்பர் இல்லை, என் படத்தில் இருந்தது. அதுவுமில்லாமல், கூடுதலாகப் போடுவதில் என்ன கெட்டுப்போகும் என்று நினைத்தேன். குறைத்துப் போட்டால்தானே கேள்வி கேட்பார்கள்?

என் மதிப்பீட்டைப் பார்த்துத் தலைவரே தயங்கினார். இருப்பவர்களுக்கே இவ்வளவு என்றால் நசரத்பேட்டையைச் சேர்க்க வழியில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று முடிவானது. அதை அங்கே போய்ச் சொல்லும் வேலையும் எனக்குத்தான் வந்தது. பட்டறை வாசலில் முனுசாமியும் நான்கைந்து பேரும் நின்றிருந்தார்கள். நான் தடுமாறிச் சொன்னதும் முனுசாமிதான் என் தோளில் கைவைத்தார்.

"அதுக்கு ஏன் சார் மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு? அடுத்த வருசம் பாத்துக்கலாம். இத்தினி நாளு இருந்தோமே, ஒரு வருசம் ஓடிப்பூடும்." வெயிலில் வந்திருக்கிறேன் என்று எனக்கு ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்தார்.

அந்த இரண்டாவது வருஷம் சிஸ்டர் சொன்னபடியே நடந்தது. பழைய நோய்கள் தீரத் தீர வரிசை குறுகியது. கூட்டம் ஓர் அளவில் நின்றது. வருஷ முடிவில் ஒதுக்கிய தொகையில் பெரிய பங்கு அப்படியே மிஞ்சியது. சங்கக் கூட்டத்தில் தலைவர் எழுந்து என் கையைக் குலுக்கினார். "இந்த வருஷம் கரெக்டா போட்டியேய்யா!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மிக்சரும் ஜாங்கிரியும் கொடுத்தார்கள். நானும் வாங்கிச் சாப்பிட்டேன். முதல் வருஷம் நான் குறைத்துப் போட்டபோது தெருவே வந்து என்னைக் கேள்வி கேட்டது. இந்த முறை அதே அளவுக்குத் தவறியிருந்தேன். கேட்க ஓர் ஆள் இல்லை. என் தவறால் வெளியில் நின்றவர்கள் அந்த அறைக்குள் இல்லை, அவ்வளவுதான்.

மிஞ்சியதைக் கொண்டு நசரத்பேட்டையைச் சேர்த்தார்கள். ஒரு காலை நேரம் சிஸ்டரும் நானும் அட்டைகளை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம். போன வருஷம் எழுதிய பட்டியல் என்னிடம் இருந்தது. அதைப் பார்த்துப் பெயர்களை மட்டும் கேட்டு எழுதினால் போதும்.

முனுசாமி அன்று வீட்டில் இருந்தார். சின்னப் பிள்ளைக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு, பாயை உதறிப் போட்டார்.

"வா சார். சொன்ன மாரியே வந்துட்டியே."

"உங்க வீட்ல அஞ்சு பேர்" என்று பட்டியலைப் பார்த்துச் சொன்னேன். "பேரெல்லாம் சொல்லுங்க."

பொத்தானைப் போட்டு முடித்தார். பிள்ளையின் தலையைத் தடவி வெளியே அனுப்பினார்.

"நாலு எய்திக்கோ சார்."

எனக்கு உடனே புரியவில்லை. சிஸ்டருக்குப் புரிந்துவிட்டது. அவர் மெல்லப் பாயில் உட்கார்ந்தார்.

"எப்போங்க?"

"ஐப்பசில. நாலு நாளு காச்சல்னு கெடந்தா. பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்னேன். கொயந்தைங்கள ஆரு பாக்குறது, நீ வேலைய வுட்டுட்டு இன்னா பண்ணுவேன்னா. அஞ்சாம் நாளு தூக்கிக்கினு போனேன். முன்னாடியே கொண்டாந்திருக்கலாமேன்னாங்கோ."

எங்கள் மருந்தகம் அந்த வருஷம் அங்கே இருந்திருந்தால் தேவகி பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. அவர் முதல் நாளே வந்திருப்பார் என்றும் என்னால் சொல்லமுடியாது. 'எனக்கு இன்னா வைத்தியம்' என்று சிரித்தவர் அவர். முப்பது வருஷத்துக்கு மேல் அதை எத்தனையோ விதமாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன். விடை வருவதில்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் பாயின் மேல், நான் கூட்டிப் போட்ட ஒரு நம்பர் என் எதிரில் உட்கார்ந்திருந்தது.

உங்களில் அந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணுக்குச் சொல்கிறேன். எந்த நம்பரை நம்புவது என்று கேட்டீர்கள். எதையும் முழுசாக நம்பாதீர்கள். ஒரு நம்பரை எழுதிக் கையெழுத்துப் போடும் முன்னால், இது குறைவாக இருந்தால் யார் என் வாசலுக்கு வருவார்கள் என்று யோசியுங்கள். கூடுதலாக இருந்தால் யார் வரவே மாட்டார்கள் என்றும் யோசியுங்கள். முடிந்தால் பஸ் ஏறிப் போய் அவர்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அன்று நான் நான்கு என்று எழுதினேன். முனுசாமி பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். வெளியே வந்ததும், "போன வருஷம் நீங்க சொன்னதை நான் கேட்டிருக்கணும் சிஸ்டர். அது என் கணக்கு" என்றேன்.

அவர் அட்டைக் கட்டைப் பிரித்து, பாதியை என் கையில் கொடுத்தார்.

"அந்த வரிசைய நீங்க பாருங்க, இந்த வரிசைய நான் பாக்குறேன். பட்டியலப் பாக்காதீங்க. எத்தினி பேர்னு வீட்ல கேட்டு எழுதுங்க."

மதியத்துக்குள் அறுபது வீட்டுக்கும் அட்டை எழுதி முடித்தோம்.